காதுகுத்துக்குப் போன பேரரசர்

உயிரினங்களை வகைப்படுத்திய அறிஞர்கள் ஓர் இனத்தை விட்டுவிட்டார்கள். அதன் பெயர் கைப்பேசிப் பேரரசர். நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட அகவை. குனிந்தே பழகிய கழுத்து. மற்ற ஒன்பது விரல்களுக்கும் இல்லாத வலிமை பெற்ற வலக்கைக் கட்டைவிரல். கூப்பிட்டால் உடனே வந்துவிடும் குரல், அரைமணி கழித்து வந்து சேரும் உடல். இவை இவ்வினத்தின் அடையாளங்கள். முடியுடை வேந்தரா என்று கேட்பீர்கள். முடி என்ற சொல்லின் இரு பொருளிலும், இல்லை.

எங்கே காணலாம்? காலை எட்டேகாலுக்குச் சின்னாளபட்டியிலிருந்து திண்டுக்கல் வரும் டவுன் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். சன்னலுக்கு வெளியே மலைக்கோட்டை நெருங்கி நெருங்கி வர, அதை ஏறிட்டும் பாராமல், கையகலத் திரையில் தம் கோட்டைக்கு மதில் எழுப்பிக்கொண்டிருப்பவர் எவரோ, அவரே.

பொதுவாகப் பேசினால் உங்களுக்குப் பிடிபடாது. ஆகவே ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்வோம். பெயர் பரணி. பெயின்ட் கடை ஒன்றில் மேலாளர். ஆயிரம் யானைகளைப் போரில் வென்றவனைப் பாடும் நூல்வகைக்குப் பரணி என்று பெயர். நம்மவர், சென்ற தை மாதம், ஒரு தேநீர் ஆறுவதற்குள் ஆயிரத்து இருநூறு யானைகளை இழந்தவர். பெயரில் பிழையில்லை, பக்கம்தான் மாறிவிட்டது.

இவர் ஆளுவது, உலகெங்கும் உள்ளவர்கள் ஒரே நேரத்தில் ஆடும் ஒரு போர் விளையாட்டில். ஆளுக்கொரு தலைநகர், அதைச் சுற்றி ஊர்கள், படை, களஞ்சியம், கூட்டாளிகள், பகைவர்கள். யார் எந்த மொழியில் எழுதினாலும் விளையாட்டே மொழிபெயர்த்து அவரவர் மொழியில் காட்டிவிடும். மூன்று ஆண்டுகள் பாடுபட்டுத் தலைநகரையும் ஏழு ஊர்களையும் எழுப்பி, நாற்பது பேர் கொண்ட கூட்டணிக்குத் தலைவராகவும் ஆகியிருந்தார் பரணி. தலைநகர் விழுந்தால் தலைமை போகும் என்பது அங்குள்ள சட்டம். வீட்டில் இவருடைய ஆட்சி எதுவரை? மின்விசிறியின் வேகத்தைக் கூட்டலாம். குறைப்பதென்றால் மனைவி மாலதியிடம் கேட்க வேண்டும்.

"ஏங்க, பாலைப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பொங்குனதையுமா?"

"கோதுமை பழுத்திருச்சு மாலதி. இப்ப அறுக்கலைன்னா அடுத்தவன் வந்து அறுத்துட்டுப் போயிருவான்."

"நம்மகிட்ட ஏதுங்க கோதுமை? ஆட்டா தீந்துபோச்சு, வாங்கிட்டு வாங்கன்னு மூணு நாளாச் சொல்றேன்."

இவ்வினத்தார் தம் நாட்டு நிலவரத்தைப் பொது இடத்தில், உரக்க, எந்த முன்விளக்கமும் இன்றிப் பேசுவர். பேருந்தின் நடத்துநர் சேவியர், விளையாட்டில் பரணியின் தளபதி. அவர் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் நேரம்தான் போர்க்கால ஆலோசனை.

"ஏலே சேவியர், கல்லு பத்தலைலே. இன்னும் அஞ்சாயிரம் வேணும்."

பக்கத்து இருக்கைப் பெரியவர் திரும்பி, பரணியின் விலாவைப் பரிவோடு பார்த்தார். "பத்தலையா? எனக்கு ஒத்தக் கல்லு இருந்ததுக்கே உசிரு போயி உசிரு வந்துச்சு. வாழைத்தண்டுச் சாறு குடிங்க அப்பு."

இத்தகைய பேரரசருக்கு எதிரியால் அழிவு வருவதில்லை. உறவினரால் வரும். பரணிக்கு அது ஓர் அழைப்பிதழாக வந்தது. சாணார்பட்டியில் வாழ்க்கைப்பட்ட தங்கை தேவதர்ஷினியின் பெண் குழந்தைக்கு மொட்டை, காதுகுத்து. ஞாயிறு காலை, குலதெய்வக் கோயிலில். காது குத்துகையில் குழந்தை தாய்மாமன் மடியில்தான் அமர வேண்டும். அதற்கு மாற்று ஏற்பாடு எந்தச் சாத்திரத்திலும் இல்லை. இரண்டு கையாலும் குழந்தையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதில் கொடுமை. மூன்றாவது கை எங்கே இருக்கிறது?

போதாக்குறைக்கு மாலதியும் முன்கூட்டியே அறிவித்துவிட்டார். "பிள்ளைய மடியில வச்சுக்கிட்டுப் போனைத் தொட்டீங்கன்னு வைங்க, கோயில் கிணத்துல போட்ருவேன்."

"எதை, போனையா?"

"அதை அப்ப முடிவு பண்ணிக்கிறேன்."

ஆளில்லாத வேளையில் நாட்டைக் காக்கும் மந்திரக் கேடயம் விளையாட்டில் உண்டு. பரணியிடம் இருந்ததெல்லாம் முந்தின வாரமே தீர்ந்துவிட்டது. வடக்கு எல்லையிலோ, மீசை வைத்த கரடியைக் கொடியாகக் கொண்ட ஒரு மன்னர், பெரும்படையோடு காத்திருந்தார். எந்த நாட்டவரோ, யாருக்கும் தெரியாது. எனவே பேரரசர் ராஜதந்திரத்தில் இறங்கினார். கோயில் வாசலில், செருப்பைக் கழற்றுமுன், வடக்கு மன்னருக்குச் செய்தி எழுதினார்: குடும்பத்தில் சுபகாரியம், பொழுது உச்சிக்கு வரும்வரை நமக்குள் போர் வேண்டாம். நொடியில் மறுமொழி வந்தது: "ஒப்புக்கொண்டேன். குடும்பமே முதன்மையானது." பரணிக்குக் கண் கலங்கியது. எதிரி என்றாலும் எத்தகைய பண்பாளர். அந்தப் பண்புக்குத் தாமும் குறைந்தவரல்லர் என்று காட்ட வேண்டாமா? முறைப்படி விடைபெற்றுக்கொண்டு ஒரு வரி சேர்த்தார்: "சரி, வாரேன்."

கைப்பேசியைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு போய் அமர்ந்தார். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையோடு குழந்தை மடிக்கு வந்தது. தலையைச் சட்டைப்பையின்மேல் சாய்த்துக்கொண்டது. ஆசாரி ஊசியை எடுத்தார். சட்டைப்பை ஒருமுறை அதிர்ந்தது.

ஓர் ஊர் வீழ்ந்தால் ஓர் அதிர்வு. அப்படித்தான் பரணி அமைத்து வைத்திருந்தார். தலைநகர் வீழ்ந்தால் நீண்ட அதிர்வு. அது மூன்று ஆண்டுகளில் ஒருமுறையும் நேர்ந்ததில்லை.

இரண்டாம் அதிர்வு. குழந்தைக்கு அது கூசியதோ என்னவோ, கிளுக்கென்று சிரித்தது. மூன்றாவது ஊர் போயிற்று, மறுபடி சிரிப்பு. நான்கு, ஐந்து என்று ஊர்கள் விழ விழ, மாமன் மடி என்றால் பிள்ளைக்கு எவ்வளவு ஆனந்தம் பாருங்கள் என்று பெண்கள் கூடி வியந்தனர். பரணியின் வலக்கை தன்னை அறியாமல் பையை நோக்கி நகர்ந்தது.

"மாப்ளே, கையை எடுக்காதீக," என்றார் தங்கையின் மாமனார் முத்துச்சாமி. "பிள்ளை துள்ளுனா ஊசி எசகுபிசகாப் பட்டுப்போகும். செத்த நேரம் கெட்டியாப் பிடிங்க."

பரணி குழந்தையைப் பார்த்தார். கூட்டத்தில் நின்ற மாலதியைப் பார்த்தார். கையைக் குழந்தைக்கே திருப்பிக் கொண்டுவந்தார். ஆறு. ஏழு. ஆசாரி ஊசியை அழுத்திய அந்தக் கணத்தில், சட்டைப்பை நீளமாக, மிக நீளமாக அதிர்ந்து அடங்கியது. குழந்தை வீரிட்டு அழுதது. மாமனும் அழுதார். விசும்பல் அல்ல, தோள் குலுங்க, மூக்கு சிந்த, நாற்பத்தாறு வயது ஆண்மகனின் முழு அழுகை.

கூட்டம் உருகிப்போயிற்று. "இம்புட்டுப் பாசத்தை எங்க பாத்திருக்கோம்," என்று முத்துச்சாமி துண்டால் கண்ணைத் துடைத்தார். "மறுகாதும் இருக்கு மாப்ளே, மனசைத் தேத்திக்கங்க." புகைப்படக்காரர் தம் கடமையைச் செய்தார்.

திரும்புகையில் பேருந்தில் பரணி திரையைத் திறந்தார். புகை. ஏழு ஊர்களிலும் புகை. தலைநகர் இருந்த இடத்தில் கரடிக்கொடி. சேவியர் கைப்பேசியில் அழைத்தார்.

"அண்ணே, அவனுக்கு என்னத்தைண்ணே எழுதித் தொலைச்சீக? நீங்க படையெடுத்து வாரேன்னு மிரட்டுனீகளாம்ல."

எழுதியதைப் படித்துப் பார்த்தால் விளங்கிவிட்டது. நல்ல காரியத்துக்குப் போகிறவன் "போகிறேன்" என்று சொல்லக் கூடாது. ஆகாததை விலக்கி ஆனதைச் சொல்வதை இலக்கணம் மங்கலம் என்று அழைக்கும். விளையாட்டின் மொழிபெயர்ப்புப் பொறிக்கு வினைமுற்றுத் தெரியும், மங்கலம் தெரியாது. "சமாதானம் பேசிவிட்டு, வருகிறேன் என்றாய்," என்று வடக்கு மன்னர் எழுதியிருந்தார். "நீ வருமுன் நான் வந்தேன்."

எங்கள் ஊரில் போகும்போது வருகிறேன் என்றுதான் சொல்வோம் என்று பரணி விளக்கி எழுதினார். பிறகு ஒரு கேள்வி வந்தது: "அப்படியானால், வரும்போது என்ன சொல்வீர்கள்?"

விடையை, பக்கத்து இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்த மாலதிதான் சொன்னார்: "வாரப்ப நம்மூருல யாரு சொல்லிட்டு வந்தா? சொல்லாமத்தான் வருவோம்னு எழுதுங்க."

பரணி அப்படியே எழுதினார். அன்றிலிருந்து வடக்கு மன்னர் எல்லையில் இரவு பகலாகக் காவல் போட்டிருக்கிறார், செங்கல் ஒன்றுகூட மிஞ்சாத ஒரு நாட்டைப் பார்த்தபடி.

தலைமை சேவியருக்குப் போயிற்று. பரணி புதிதாக ஒரு குடிசை கட்டி, இரண்டு கோழிகளோடு மறுபடி தொடங்கிவிட்டார். இதில் வியப்பில்லை, இவ்வினம் தோற்பதால் அழிவதில்லை. ஆனால் பத்து நாள் கழித்துத் தேவதர்ஷினி வந்தாள். கையில், கண்ணாடிச் சட்டமிட்ட புகைப்படம்: மடியில் அழும் குழந்தை, மேலே அழும் மாமன்.

"எங்க வீட்டுக்காரவுக கண்ணுலகூட ஒரு சொட்டு வரலைண்ணே," என்றாள். "இவ பெரியவளானதும் காட்டுவேன். உனக்காக உங்க மாமன் எப்படி அழுதாருன்னு."

பரணி வாயைத் திறந்தார். மாலதி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். ஆணி அடிக்கும் இடத்தை மாலதி தாமே காட்டினார்: கைப்பேசி சார்ஜர் செருகும் இடத்துக்கு நேர் மேலே.

இப்போது நாளுக்கு இருமுறை, பேரரசர் கம்பியைச் செருகக் குனிந்து, நிமிரும்போது, தம்மையே பார்க்கிறார். குழந்தைக்காகக் கையை அசைக்காமல் வைத்திருந்ததும் தாம்தான், வேறொன்றுக்காக அழுததும் தாம்தான் என்பது அவருக்கும் மாலதிக்கும் மட்டும் தெரியும். அடுத்த ஞாயிறு அழைப்பில்லாமலே சாணார்பட்டிக்குப் போய்விட்டு வந்தார். கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டா போனார் என்று கேட்காதீர்கள். அணைத்து வைத்திருந்தார், அதுவே இவ்வினத்தில் துறவுக்கு ஒப்பானது.

சிரித்து முடித்துவிட்டீர்களா? நல்லது. உங்களுக்கு நாடில்லை, படையில்லை, அந்த விளையாட்டின் பெயரும் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஒரு சிறு சோதனை மட்டும். உங்கள் வீட்டில் கடைசியாக நடந்த விசேஷத்தின் படத்தைத் தேடி எடுத்து, அதில் உங்கள் விழிகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பாருங்கள். படம் உங்கள் கைப்பேசியில்தான் இருக்கும். அதைத் திறந்த விரல், வழியில் எந்தச் செய்திக்கும் நிற்காமல், எந்தச் சிவப்புப் புள்ளிக்கும் திரும்பாமல், நேரே அந்தப் படத்துக்குப் போய்ச் சேருமானால் நீங்கள் சாதாரணக் குடிமகன், கவலையில்லை.

என்ன, படம் இன்னும் கிடைக்கவில்லையா, மாமன்னரே?