முழுப்பேர் வாங்காத கங்காணி

குடியை விட்ட பிறகு ஊருக்குத் தொல்லை கொடுத்த மனிதர் ஊவா மாகாணத்திலேயே ஒருவர்தான். அவர் அரைப்பேர் கங்காணி. குடித்த காலத்தில், பாவம், அவர் பாட்டுக்குக் கானில், அதாவது சாக்கடையில், கிடந்தாராம். குடியை விட்டவர்கள் கூடும் எங்கள் கூட்டத்துக்கு வருகிறவர் யார் என்று வெளியே காட்டிக் கொடுக்கக் கூடாது. அதனால் இதை எழுத அவரிடமே அனுமதி கேட்டேன். "எழுதுங்க தம்பி. மீசைய மட்டும் சொல்லிறாதீங்க, கண்டுபுடிச்சிருவாங்க" என்றார். ஆகவே மீசையைப் பற்றி நான் மூச்சு விடப் போவதில்லை.

குடியை விட உதவும் கூட்டம் ஒன்றைத் தேடத் தொடங்கியபோது, பதுளையில் யாராவது பார்த்துவிடுவார்களே என்பதுதான் என் பெரிய கவலை. சாராயத் தவறணை வாசலில் நின்றபோது வராத வெட்கமெல்லாம் அப்போது வந்தது. மொனராகலையில் ஒரு கூட்டம் நடப்பதாக விசாரித்து அறிந்து, தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டு பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் ஒருவர் பஸ்ஸுக்குள்ளேயே குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்க தம்பி பயணம்?" என்றது குடை.

"பல்லு வலிங்க. டாக்டரப் பாக்கப் போறேன். நீங்க?"

"கரும்பு பாக்க."

மொனராகலையில் இறங்கி ஆளுக்கொரு தெருவில் நடந்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரே வாசலில் முட்டிக்கொண்டோம். "பல்லுக்கு இங்கதான் பாக்குறாங்களா?" என்றார். "கரும்பு உள்ளயா இருக்கு?" என்றேன். அந்தக் குடைக்காரர்தான் கங்காணி.

உள்ளே கூட்டம் சிங்களத்தில் நடந்தது. எங்கள் இருவரின் சிங்களமும் கடைக்குப் போய்வரப் போதும், மனதில் இருப்பதைக் கொட்டப் போதாது. அங்கிருந்த ஒருவர்தான், பதுளையில் ஞாயிறு மத்தியானம் தமிழ்க் கூட்டம் நடக்கிறது என்று சொல்லி அனுப்பினார். இடம், ஒரு சர்ச்சின் பின்மண்டபம். என் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அந்த மண்டபம் தெரியும்.

தேயிலைத் தோட்டத்தில் ஒரு முழு நாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், கூலியும் பாதி. வேலைக்காலம் முழுக்க மற்றவர்களுக்கு அரைப்பேர் போட்ட கங்காணியால் ஓய்வு பெற்ற பின்னும் அதை விட முடியவில்லை. குடியை விட்டதுகூட அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். கூட்டத்தில் ஒவ்வொருவரும் தன் வாரத்தைப் பற்றிப் பேசி முடித்ததும் இவர் தீர்ப்புச் சொல்வார். நான் குடிக்கவில்லை, ஆனால் வீட்டில் சண்டை போட்டேன் என்றேன். "தம்பிக்கு அரைப்பேரு" என்றார்.

"இங்க யாரும் யாருக்கும் பேரு போடுறது இல்லைங்க" என்று கூட்டத்தை நடத்தும் ஸ்டெல்லா அக்கா சொல்லிப் பார்த்தார்.

"பேரு போடாம எந்த மலையில வேல நடந்திருக்கு?"

ஒரு ஞாயிறு நான் போகாமல் படுத்துக்கொண்டேன். என் வீட்டு வாசலில் வந்து நின்று, தோட்டத்தில் காலையில் ஆள் கூப்பிடும் அதே குரலில், "பெரட்டுக்கு வராத ஆளு யாரு?" என்று ஒரு சத்தம் போட்டார். தெருவே ஜன்னலைத் திறந்தது. மொனராகலை வரை போய்க் காப்பாற்றிய மானம் அன்றோடு கப்பலேறியது. இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்பதால் ஒழுங்காகப் போகத் தொடங்கினேன்.

தனக்கு மட்டும் அவர் முழுப்பேர் போட்டுக்கொண்டதே இல்லை. "ஒரு சொட்டு தொடலையே கங்காணி, பெறகு ஏன் அரை?" என்று கேட்டால், "தொடல. நெனச்சேன் இல்ல?" என்பார்.

அப்புறம் எல்லவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் அவருடைய இளைய மகளுக்குக் கல்யாணம் வந்தது. மூத்தவள் கல்யாணத்தில், தாலி கட்டும் நேரத்துக்கு அப்பாவைக் கானிலிருந்து தூக்கி வந்திருக்கிறார்கள். "இந்த வாட்டியும் ஒங்களத் தேட வச்சீங்கன்னா, அதோட நமக்குள்ள பேச்சு இல்லப்பா" என்று இளையவள் சொல்லிவிட்டாள். என்னை வர வேண்டாம் என்று கங்காணியே தடுத்தார். "பின்னுக்குப் போத்தல் தெறப்பாங்க. நீங்க வந்து மாட்டிக்காதீங்க, தம்பி. எனக்கு வேற வழியில்ல, பொண்ணப் பெத்தவன்." சொல்லிவிட்டுக் குடையை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

கல்யாணமும் ஒரு ஞாயிறுதான். நாங்கள் மண்டபத்தில் பேசிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. பட்டு வேட்டி, ஜரிகைச் சால்வை, நெற்றி நிறையச் சந்தனத்தோடு கங்காணி நின்றார்.

"தாலி ஏறிருச்சு. பந்தி ஓடுது. மச்சான் லயத்து வீட்டுக்குப் பின்னுக்குக் கூப்புட்டு கிளாச நீட்டுனான். காலு தானா நடந்துச்சு. எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்தேன், ரோட்டுப் பக்கம். பஸ் வந்துச்சு, ஏறிட்டேன்."

அவர் உட்காரவும் என் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. அவரிடம் போன் கிடையாது, அவசரத்துக்கு என் நம்பரைத்தான் வீட்டில் கொடுத்திருந்தார். பேசியது கல்யாணப் பெண். பின்னால் யாரோ, "அந்தக் கானுக்குள்ள பாருங்கடா" என்று கத்துவது கேட்டது.

"மாமா, அப்பாவக் காணோம். எல்லாக் கானுலயும் தேடிட்டாங்க."

"இங்க கூட்டத்துல இருக்காரும்மா."

"குடிக்காமயா?"

"குடிக்காம."

போனை அவரிடம் நீட்டினேன். ஊரையே அதட்டிய குரல் குழறியது. "தேட வச்சிட்டேன் தாயி. பந்தியப் பாதியில விட்டுட்டேன். எனக்கு அரைப்பேருதான்."

மண்டபம் அமைதியாக இருந்ததால் அவள் பதில் எல்லோருக்கும் கேட்டது. "இல்லப்பா, முழுப்பேரு. அடுத்த பஸ்ஸப் புடிச்சு வாங்க. நீங்க வந்த பெறகுதான் நான் மாப்பிள்ள வீட்டு வண்டியில ஏறுவேன்."

ஸ்டெல்லா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான்தான் கங்காணியை பஸ் ஏற்றிவிட்டேன்.

அடுத்த வாரமே பழைய அதட்டலோடு வந்துவிட்டார். எனக்கு இன்றுவரை அரைப்பேர்தான் போடுகிறார். அவர் வாயால் அதைக் கேட்கத்தான் ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன்.