மென்பொருளை மூடப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் பெண்ணும் சுகம். நீயும் சுகம் என்றுதான் போனில் சொல்வாய். அதை இனி நம்புவதாக இல்லை. இந்தக் கடிதம் நம் இருவருக்குள் இருக்கட்டும். நீ என் தம்பி என்று என் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது.

பல் மருத்துவர்களுக்கு மென்பொருள் செய்யும் இந்தக் கம்பெனியில் ஆட்களைச் சேர்ப்பதும் சமாதானப்படுத்துவதும் என் வேலை. போன மாதம் எங்கள் மேலாளர் எல்லோரையும் கூட்டி, "யார் யாரோ எழுதி இலவசமா திறந்து வெச்ச ஓப்பன் சோர்ஸ் புரோகிராமை எடுத்துப் போட்டுத்தான் நாம பொழைக்கிறோம். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு எத்தனை நாள் ஓட்டுறது? இனிமே வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆளுக்கு ஒரு திருத்தமாவது ஓப்பன் சோர்ஸுக்குக் கொடுக்கணும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஊக்கப்படுத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதல் வெள்ளி ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. அடுத்த வெள்ளி கேக் வைத்தேன். கேக் தீர்ந்ததும் ஆட்களும் தீர்ந்தார்கள். அதற்கடுத்த வாரம் கேக்கும் கையுமாகக் கதவுக்குக் குறுக்கே நாற்காலி போட்டு நானே உட்கார்ந்தேன், கணக்கர் "சும்மா கொடுக்கிறதை எதுல எழுதுறது, தானத்துலயா விளம்பரத்துலயா?" என்று கேட்டார், வக்கீல் "நம்ம ரகசியம் வெளியே போயிடுமே" என்று பதறினார், "அந்த ரகசியத்துல பாதி வெளியிலிருந்து வந்ததுதான் சார்" என்றாள் சோதனைப் பிரிவுப் பெண், அவளை நாங்கள் 'சந்தேகம்' என்றுதான் கூப்பிடுவோம், பூட்டிய கதவைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி பூட்டுகிறவள், சரி எதில் ஆரம்பிப்பது என்று எல்லோரும் என் முகத்தையே பார்க்க, எனக்குத் தெரிந்த ஓப்பன் சோர்ஸ் உலகத்திலேயே ஒன்றுதான், உன் நாட்காட்டி மென்பொருள், அதன் முகவரியைப் பலகையில் எழுதி, "சின்னதா ஒரு எழுத்துப் பிழையில ஆரம்பிங்க" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

உன் மென்பொருளின் இணையப் பக்கத்தில் இருந்ததே ஒரே ஒரு எழுத்துப் பிழை. அதை அலுவலகமே திருத்தி அனுப்பியது, ஆளுக்கு ஒரு தரம். வரவேற்பில் இருக்கும் பெண்கூட விடவில்லை. "யாருங்க நீங்கல்லாம்? ஆபீஸ்ல வேற வேலையே இல்லையா?" என்று நீ எழுதிய பதில் பெரிய திரையில் வந்து நின்றது.

"யாரு இந்தச் சிடுமூஞ்சி?" என்றார் மேலாளர்.

"தெரியலையே சார்" என்று நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே 'சந்தேகம்' அந்தப் பக்கத்தின் அடியில் நீ எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தாள். "வேலை முடிஞ்சு வந்து இத்தனை வருஷமா இதைத் தனியா பார்த்துக்கிட்டேன். குறை சொல்ல ஊரே இருக்கு, கைகொடுக்க ஆளில்லை. முடியலை. மாசக் கடைசியில மூடிடறேன்."

ஏண்டா, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் "நல்லா இருக்கேன்க்கா, சாப்பிட்டேன்க்கா" என்று வைத்துவிடுகிறாயே, உலகமே படிக்கிற இடத்தில் எழுதத் தெரிந்தவனுக்கு அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லையா? கையில் கத்தியோடு நின்று அழுதேன். வெங்காயத்தின் மேல் பழி போட முடியுமா, வெட்டிக்கொண்டிருந்தது கேக்.

'சந்தேகம்' எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "சார், நம்ம டாக்டருங்க எல்லாருக்கும் நேரம் குறிச்சுக் கொடுக்கிறதே இந்த நாட்காட்டிதான்" என்றாள். மேலாளர் உட்கார்ந்துவிட்டார்.

"ஒத்தை ஆள் தோள்லயா நம்ம கூரை நிக்குது?"

அப்புறம் அவரே, "அந்த மனுஷனுக்கு என்ன வேணும்னு கேளுங்கம்மா" என்றார்.

அன்றிலிருந்து 'சந்தேக'மும் இன்னும் இருவரும் உன்னிடம் குவிந்து கிடந்த குறைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்து அனுப்புகிறார்கள். கேக் கேட்பதே இல்லை. அவளுக்கு நீ பத்தி பத்தியாகப் பதில் எழுதி முடிவில் "நன்றி சார்" என்கிறாய். அவள் சார் இல்லை, திருத்திக்கொள்.

நீ பாரத்தை லேசில் இறக்க மாட்டாய் என்று தெரியும். சின்ன வயதில் காய்ச்சலோடுகூடப் புத்தகப் பையை என்னிடம் தராதவன். ஆனாலும் கேட்கிறேன், மூடாதே. பாதிப் பொறுப்பை அவர்களிடம் கொடு. அவர்கள் உன்மேல் பரிதாபப்பட்டு வரவில்லை. தங்கள் கூரைக்காக வந்திருக்கிறார்கள். பரிதாபத்துக்கு நான் ஒருத்தி போதும்.

நேரத்துக்குத் தூங்கு. கண்ணும் முதுகும் நோகாமல் நீ நெடுநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன்மேல் உயிரையும் கொஞ்சம் கோபத்தையும் வைத்திருக்கும்
அக்கா

பி.கு.: மறுநாள் எழுதுகிறேன். உன் மின்னஞ்சல் முகவரியைத் தேடச் சோம்பல்பட்டு, உன் மென்பொருள் பக்கத்திலிருந்து எனக்கு மின்னஞ்சலில் வந்த அறிவிப்புக்கே 'பதில்' அழுத்திவிட்டேன். அப்படி அழுத்தினால் கடிதம் பொதுப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளுமாமே! அலுவலகம் முழுக்கப் படித்தாகிவிட்டது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் "அக்கா சொல்றது நியாயம், எனக்கும் ஒரு பங்கு வேலை கொடுங்க" என்று கீழே வரிசை கட்டியிருக்கிறார்கள். இனி மறைக்க என்ன இருக்கிறது, இதையும் அங்கேயே போடுகிறேன். அழிக்கும் அதிகாரம் உன் ஒருவனிடம்தான் இருக்கிறதாம். காலையிலிருந்து பார்க்கிறேன், நீ அழிக்கவில்லை. எல்லோருக்கும் கீழே ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறாய்: "சரிக்கா."