எடைமேடை அண்ணனின் குடலுக்கு நான் சாட்சி

தன்னுடைய பின்பக்கத்தைப் பற்றி எடைமேடை அண்ணனைப் போல இத்தனை கம்பீரமாகப் பேசிய மனிதர் தமிழ்நாட்டிலேயே இருந்திருக்க மாட்டார். அதுவும் ஆலை கேன்டீனில், பத்து பேர் இட்லிக்குத் தக்காளிச் சட்னி தொட்டுக்கொண்டிருந்த நேரத்தில்.

"நாலு மாசமா வெளிக்குப் போனா ரத்தம் போவுதுப்பா" என்று அவர் அறிவித்ததும் பத்து கைகளும் பாதி வழியில் நின்றுவிட்டன. அவர் மட்டும் இன்னொரு கரண்டி சட்னி கேட்டு வாங்கிக்கொண்டார்.

எண்பதுகளில், எறையூர்ப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் நான் கரும்பு யார்டு கிளார்க். அவர் எடைமேடை ஆபரேட்டர். இயற்பெயரைக் கேட்டால் அவர் மனைவியே சற்று யோசித்துத்தான் சொல்வார். கரும்பு வண்டி மேடையில் ஏறினால், கொண்டுவந்த விவசாயி உள்ளே வந்து எடை காட்டும் முள்ளைத் தன் கண்ணால் பார்த்தாக வேண்டும். பார்க்காதவருக்கு எடைச் சீட்டு கிடையாது. "நீங்க சொன்னா சரிங்க" என்று யாராவது மரியாதையாகச் சொல்லிவிட்டால் போச்சு.

"நான் சொன்னா எப்புடிய்யா சரியாவும்? வந்து பாருய்யா!" என்று கையைப் பிடித்து இழுத்து வருவார். ஒருமுறை கண் தெரியாத பெரியவர் ஒருவர் கரும்பு கொண்டுவந்தார். ஊரிலிருந்து அவர் மருமகனை வரவழைத்து முள்ளைக் காட்டிய பிறகுதான் வண்டி மேடையை விட்டு இறங்கியது. அதுவரை பின்னால் முப்பது வண்டி நின்றது. மாடுகள் கத்தின, வண்டிக்காரர்கள் அதைவிட அதிகமாகக் கத்தினார்கள்.

இப்பேர்ப்பட்டவரிடம் போய் மூன்று வைத்தியர்கள், பார்க்காமலேயே மூலம் என்று சொல்லிவிட்டார்கள். ஒருவர் லேகியம் கொடுத்தார், ஒருவர் களிம்பு கொடுத்தார், மூன்றாமவர் கருணைக்கிழங்கு சாப்பிடச் சொன்னார்.

"ஒருத்தரும் பாக்கல! பாக்காமலே மூணு பேரும் சீட்டு எழுதுறாங்கப்பா!" என்று கொதித்தார்.

அந்தக் கொதிப்புக்குக் காரணம் இருந்தது. அதைக் கேன்டீனில் அவர் சொல்லவில்லை, நான் அண்ணி என்று கூப்பிடும் அவர் மனைவிதான் சொன்னார். எடைமேடை அண்ணனின் கூடப்பிறந்த மூத்தவருக்கும் இப்படித்தான் ரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று இரண்டு வருஷம் களிம்பு தடவியிருக்கிறார்கள். குடலில் புற்று என்று தெரிந்தபோது கையை மீறிவிட்டது.

"திருச்சியில பெரிய டாக்டரு ஒருத்தரப் பாக்கப் போறாரு, நீங்களும் கூடப் போயிட்டு வாங்க தம்பி. வாய்தான் பேசுது. உள்ளுக்குள்ள என்ன இருக்கோ" என்றார் அண்ணி.

திருச்சி டாக்டர், "உள்ள பார்த்துட்டுத்தான் எதையும் சொல்லுவேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு அண்ணன் அடிமையாகிவிட்டார். மறுநாளே கேன்டீனில் ரப்பர் ஹோஸும் டார்ச்லைட்டும் வைத்துக்கொண்டு வகுப்பெடுத்தார்.

"விரல் மொத்தந்தான் இருக்கும். வளைஞ்சு வளைஞ்சு போவும். அந்த நுனியில லைட்டு, இந்த நுனியில டாக்டரு கண்ணு. முழுக் கொடலும் இல்லப்பா, கடைசி ரெண்டடிதான்."

"மயக்க ஊசி போடுவாங்களாண்ணே?" என்று கேட்டார் பாய்லர் செக்‌ஷன் ஆள், இட்லியைத் தள்ளி வைத்துவிட்டு.

"எதுக்கு? முழிச்சிக்கிட்டே படுத்துக்க வேண்டியதுதான். கொஞ்சம் காத்தடிப்பாங்க, அப்பத்தான் மடிப்பெல்லாம் விரியும். வவுறு லேசா இழுத்துப் புடிக்கும். கால் மணி நேரத்துல எந்திரிச்சு வூட்டுக்கு வந்துடலாம்."

அன்றைக்குக் கேன்டீனில் ஒரு அண்டா சாம்பார் மிச்சமானது.

குழாய் விடுவதற்கு முதல் நாள் முழுக்கக் கஞ்சித் தண்ணீர், காலையில் ஆஸ்பத்திரியில் எனிமா. இதைக் கேட்டதும் அண்ணனுக்குத் தன் தொழில் ஞாபகம் வந்துவிட்டது. பாரத்தோடு வண்டியை ஒருமுறை நிறுத்து, இறக்கியபின் காலி வண்டியை ஒருமுறை நிறுத்தால்தானே சரக்கு எவ்வளவு என்று தெரியும்? ஆகவே முதல் நாள் மாலை சர்க்கரை மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்று, என்னையும் முள்ளைப் பார்க்க வைத்தார். மறுநாள் எனிமா முடிந்து கக்கூஸிலிருந்து வெளியே வந்தவர், நேராக நர்ஸிடம் போனார்.

"சிஸ்டர், காலி எடை எங்க போடுறது?"

"என்ன எடை?"

"பாரம் எறக்கியாச்சுல்ல? எவ்வளவு எறங்கியிருக்குன்னு தெரிய வேணாமா?"

"ஐயா, அதெல்லாம் யாரும் எடை போடுறதில்ல. உள்ள சுத்தமா இருந்தா போதும்."

"சுத்தம்னு யாரு பாத்தா?"

"டாக்டர் பாப்பாருங்க!"

"அப்ப சரி" என்று சமாதானமானார். நர்ஸம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

இடது பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுக்கச் சொன்னார்கள். படுத்தார். டாக்டர் குழாயைக் கையில் எடுத்ததும், "கொஞ்சம் நில்லுங்க சார்" என்றார்.

"நீங்க பாக்குறீங்க, சரி. நான் திரும்பிப் பாக்க முடியாது. என் சார்புல ஒரு ஆளு பாக்கணும். வெளிய ஒக்காந்திருக்கான், கூப்புடுங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். "என் சர்வீஸ்ல இப்படி யாரும் கேட்டதில்ல" என்று சொல்லி என்னை அழைத்துவர ஆள் அனுப்பினார். நான் ஓடிவிடலாம் என்றுதான் எழுந்தேன். நர்ஸம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

குழாய் உள்ளே போனது. "காத்து வெளிய வந்தா அடக்காதீங்க, விட்டுடுங்க" என்றார் டாக்டர். அண்ணன் சொன்ன சொல்லைத் தட்டாதவர். மற்ற மூன்று பேரும் மரியாதையாக மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"உத்தரவுப்படி செஞ்சாச்சுங்க சார்" என்றார், கம்பீரம் துளியும் குறையாமல்.

டாக்டரின் சிரிப்பு திடீரென்று நின்றது. குழாயை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, என்னைக் கண் வைத்துப் பார்க்கச் சொன்னார். ஈரமாக, இளஞ்சிவப்பாக, மடிப்பு மடிப்பாக ஒரு குகை. அதன் சுவரில் சுண்டைக்காய் அளவில் சிவந்து ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்தேன். அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்பதுபோல டாக்டர் கண்ணைக் காட்டினார்.

"தம்பி, பாத்தியா?"

"பாத்தேண்ணே."

"என்ன இருக்கு?"

அந்தக் காலத்தில் நோயாளியிடம் நல்லதை மட்டும் சொல்வார்கள். மற்றதையெல்லாம் கூட வந்தவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொல்வார்கள். நானும் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த மனிதரிடம் எந்த வாயால் பொய் சொல்வது?

"ஒரு கட்டி இருக்குண்ணே. சுண்டைக்காயளவு."

அவர் கை பின்னால் துழாவி என் கையைப் பிடித்துக்கொண்டது. உள்ளங்கை வேர்த்துச் சில்லிட்டிருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"சரி. இருக்குதுன்னு தெரிஞ்சுபோச்சுல்ல. சார், நீங்க ஆவ வேண்டியதப் பாருங்க."

டாக்டர் அந்தக் குழாய் வழியாகவே மெல்லிய குறடு ஒன்றை விட்டு, அதிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். கிள்ளியது தெரியவே இல்லை என்றார் அண்ணன். நான்தான் மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தேன்.

முடிவு தெரியப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் ஆலையில் அவர் முள்ளைக் காட்டாமல் ஒரு வண்டியைக்கூட விடவில்லை. விசாரித்தவர்களிடமெல்லாம், "இருந்தாலும் ரெண்டடிக்குள்ளதான இருக்கு, எங்க ஓடிடப் போவுது?" என்றார். பத்தாம் நாள் காலை அவரை அழைத்துப் போக வீட்டுக்குப் போனபோது, அண்ணி என் காதோடு சொன்னார்.

"பத்து நாளா பொட்டுத் தூக்கம் இல்ல தம்பி. மோட்டுவளையப் பாத்துக்கிட்டே படுத்திருக்காரு. கேட்டா, புழுக்கம்ங்கிறாரு."

திருச்சியில் டாக்டர் காகிதத்தைப் பிரித்தார். "புத்து இல்ல. சாதாரண சதை வளர்ச்சிதான். ஆனா விட்டுவச்சா பின்னால வம்பு பண்ணலாம். அடுத்த மாசம் வாங்க, இதே மாதிரி குழாய் விட்டு எடுத்துடுறேன்."

அண்ணன் அந்த இங்கிலீஷ் காகிதத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தார். என்னிடம் கொடுத்து என்னையும் பார்க்கச் சொன்னார். பிறகு, "எங்க அண்ணனுக்கும் இப்புடி யாராச்சும் பாத்திருக்கலாம் சார்" என்றார். டாக்டர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

பெரம்பலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். அடுத்த மாசம் குழாய் விட்டு எப்படி எடுப்பார்கள் என்று விளக்க ஆரம்பித்தவர், சமயபுரம் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்துவிட்டார். என்ன குறட்டை! முன் சீட்டுக் குழந்தை எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது.

பாடாலூரில் டீக்கு நிறுத்தினார்கள். பஸ் முழுக்க இறங்கிப் போனது. விடிந்ததிலிருந்து எனக்குப் பச்சைத் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை. தோள் மரத்துப்போயிருந்தது, சட்டை அவர் எச்சிலில் நனைந்திருந்தது. கண்டக்டர் ஜன்னலருகே வந்து, "ஏன் சார், எறங்கலையா? டீ சாப்பிட்டு வாங்க, நேரம் இருக்கு" என்று சத்தமாகக் கூப்பிட்டார்.

"மெதுவா பேசுங்க" என்றேன். "எங்க அண்ணன் தூங்குறாரு."