கட்டில் நகர்ந்தால் பாய்லர் வெடிக்கும்

அன்பும் பொறுமையும் ஒருங்கே அமைந்த மைத்துனருக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே நீங்களும், உங்கள் வீட்டம்மாவும், குழந்தைகளும், முக்கியமாக அத்தையும் எல்லா வகையிலும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். அத்தையை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்பது கீழே வரும். அந்த இடத்தை மட்டும் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எங்கள் வீட்டில் போனை எடுப்பதும் பேசுவதும் வைப்பதும் உங்கள் அக்காதான். தப்பித் தவறி நான் பேசினாலும் பக்கத்தில் நின்று என் வாக்கியங்களை முடித்து வைப்பாள். ஆகவே கடிதம். விஷயம் இவ்வளவுதான்: பதினெட்டாம் தேதி குடும்பத்தோடு வருவதாகச் சொன்னீர்கள் அல்லவா, வராதீர்கள். இந்த மாதம் முடியாது என்று உங்கள் அக்காவிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அடுத்த மாதம் வந்து ஒரு மாதம் வேண்டுமானாலும் இருங்கள், நான் வாயே திறக்க மாட்டேன்.

கோபித்துக்கொள்ளாமல் காரணத்தைக் கேளுங்கள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பாய்லர் உதவியாளனாக இருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பாய்லர் எப்போது இருமும், எப்போது தும்மும் என்று அதைப் பெற்றவனுக்குக்கூட என்னளவு தெரியாது. ஆனால் புதிதாக வந்த மேனேஜர், "சர்டிபிகேட் இல்லாதவங்க இனிமே பாய்லர் பக்கத்துல நிக்கக் கூடாது சார், கேட்ல ஒரு நாற்காலி போட்டுத் தரேன், வர்ற வண்டி நம்பரை எழுதிக்கிட்டு நிம்மதியா இருங்க" என்கிறார். அந்த நிம்மதி எனக்கு வேண்டாம். இருபதாம் தேதி வாய்மொழித் தேர்வு. இது மூன்றாவது தடவை, நாலாவது கிடையாது. கைக்குத் தெரிந்தது வாய்க்கு வரமாட்டேன் என்று அடம்பிடிப்பதுதான் என் வியாதி. முதல் தடவை, "மட்டம் காட்டற கண்ணாடிக் குழாயில தண்ணியே தெரியல, என்ன செய்வீங்க?" என்று தேர்வாளர் கேட்டார். பதற்றத்தில், "உடனே தண்ணி விடுவேன் சார்" என்றேன். காய்ந்து சிவந்த பாய்லரில் பச்சைத் தண்ணீர் விட்டால் கட்டிடமே கூரையோடு கிளம்பிவிடும். அவர் பேனாவை மூடி, "நீங்க விடுங்க, அதுக்கு முன்னாடி நான் வெளிய போயிடறேன்" என்றார். இரண்டாம் தடவை அதே மனிதர், அதே கேள்வி. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே நாற்காலியைக் கதவுப் பக்கம் நகர்த்திக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு மறுபடி தண்ணீர்தான் வாயில் வந்தது.

ஞாபகத்துக்காக நான் செய்யாத கூத்து இல்லை. பாய்லர் விதிகள் ஏழுக்கும் கைக்குட்டையில் ஏழு முடிச்சுப் போட்டேன், உங்கள் அக்கா அதைத் துவைத்து, அவிழ்த்து, இஸ்திரி போட்டுக் கொடுத்துவிட்டாள். விதிகளை என் குரலிலேயே போனில் பதிந்து படுக்கும்போது கேட்டேன், முதல் விதி முடிவதற்குள் தூங்கிவிட்டேன், என் குரலில் அப்படி ஒரு தாலாட்டு. அப்போதுதான் சென்ற முறை வந்திருந்த நீங்கள் உங்கள் மருந்துக் கம்பெனி வித்தையைச் சொல்லிக்கொடுத்தீர்கள். நூற்று நாற்பது மருந்தையும் உங்கள் வீட்டு வாசலிலிருந்து மாடி வரை மனசுக்குள் வரிசையாக வைத்திருப்பதாகவும், டாக்டர் கேட்டதும் வீட்டுக்குள் ஒரு நடை போய் எடுத்து வருவதாகவும் சொன்னீர்கள். "படம் எவ்வளவு கோமாளித்தனமா இருக்கோ அவ்வளவு நல்லா ஒட்டும் அத்தான்" என்றீர்கள். நானும் ஒட்டினேன். பாருங்கள், வினை எங்கிருந்து ஆரம்பம் என்று!

எங்கள் வீட்டு வாசலில் செருப்பு அலமாரி. அது முழுக்கக் கண்ணாடி, உள்ளே பாதி வரை தண்ணீர், என் செருப்பு மிதக்கிறது. அதாவது முதல் விதி: வேலைக்கு வந்ததும் முதலில் நீர்மட்டம் பார். அடுத்து ஹாலில் சோபா. அதில், மன்னிக்க வேண்டும், நீங்கள் படுத்திருக்கிறீர்கள், மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு. பக்கத்தில் நான் பெரிய விசிறியை ஐந்து நிமிடம் ஓட்டுகிறேன். தீ பற்ற வைக்கும் முன் உள்ளே தேங்கிய வாயுவை வெளியேற்று. ஜன்னலோரம் பிரம்பு நாற்காலி. அதில் அத்தை. லேசாகத் தூக்கினால் உஸ்ஸென்று சீற வேண்டும். அதுதான் சேப்டி வால்வைச் சோதிக்கும் விதி. வேறு யாரையும் அந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. அப்புறம் இரும்பு பீரோ. அதை வெடுக்கென்று திறந்தால் மேல்தட்டில் உள்ளதெல்லாம் தலையில் கொட்டும். ஆவிக் குழாயின் பெரிய வால்வும் அப்படித்தான், முதலில் குழாயில் நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு மெள்ள மெள்ளத்தான் திறக்க வேண்டும். சமையலறையில் பிரிட்ஜ், அடியில் எப்போதும் சொட்டுகிறதே அது. ஷிப்டுக்கு ஒரு தடவை பாய்லரின் அடிக்குழாயைத் திறந்து கசடை வெளியே தள்ளு. சாப்பாட்டு மேஜையில் ஒரு கடிகாரம் உட்கார்ந்து மணிக்கு மணி ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறது. பதிவேட்டை ஒவ்வொரு மணி நேரமும் எழுது. கடைசியில் படுக்கையறைக் கட்டில். அதில் உங்கள் அக்கா கோபத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். அந்த நேரத்தில் சமாதானம் என்று ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தாலும் வெடிக்கும். முதலில் தீயை அணை, தண்ணீர் விடாதே, தள்ளி நின்று ஆற விடு, மேலதிகாரியிடம் சொல். இரண்டு தடவை என்னைக் கவிழ்த்த அந்தக் கேள்வி கட்டிலில் அப்படி ஒட்டிக்கொண்டது, பிய்த்தாலும் வராது.

மூன்று வாரம் வீட்டுக்குள் நடந்தேன். அத்தை போன மாதம் நான்கு நாள் வந்திருந்தபோது ஒரு சிறு விபத்து. அவர் நிஜமாகவே அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் விதி ஞாபகத்தில் நாற்காலியைக் கைப்பிடியோடு தூக்கிவிட்டேன். "மாப்ள, என்ன பண்றீங்க! கீழ விடுங்க!" என்றார். வால்வு சரியாக வேலை செய்தது. "கீழே எறும்பு அத்தை" என்று சமாளித்தேன். உங்கள் அக்கா பார்த்த பார்வையில் எறும்பு இருந்திருந்தால் செத்திருக்கும்.

இப்படியாக ஏழும் நாக்கின் நுனியில் நின்றன. நேற்று வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தேன். செருப்பு அலமாரியைக் காணோம். சோபா ஜன்னலோரம். பிரம்பு நாற்காலி குளியலறை வாசலில். பீரோவும் பிரிட்ஜும் இடம் மாறி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. கட்டில் ஹால் நடுவில்! "தம்பி குடும்பம் வருது, இடம் வேணாமா? பக்கத்து வீட்டுத் தச்சரும் அவர் பிள்ளைங்களும் சேர்ந்து ஒரே மணி நேரத்துல முடிச்சுட்டாங்க" என்றாள் உங்கள் அக்கா, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு. என் தலைக்குள் தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் உருளும் சத்தம் எனக்குக் கேட்டது. "பழையபடி போடேன்" என்றேன். "ஏன்?" என்றாள். ஏன் என்று எப்படிச் சொல்வேன்? உன் அம்மா ஒரு வால்வு, நீ தண்ணீர் இல்லாத பாய்லர் என்றா? "சும்மாதான்" என்றேன். "சும்மாவுக்கெல்லாம் பீரோ தூக்க முடியாது. தம்பி வந்துட்டுப் போற வரைக்கும் இப்படித்தான்" என்றாள்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மகள் விதிப் புத்தகத்தோடு தேர்வாளர் மாதிரி உட்கார்ந்தாள். "வேலைக்கு வந்ததும் முதல்ல என்னப்பா செய்யணும்?" என்றாள். நான் மனசுக்குள் கதவைத் திறந்தேன். எதிரே ஹால் நடுவில் கட்டில். "உங்கம்மாவைத் தண்ணி ஊத்தாம ஆற விடணும்" என்றேன். "அடுத்து?" "உன் பாட்டியைக் குளியலறைகிட்ட தூக்கிப் பாக்கணும்." அவள் புத்தகத்தை மூடிவிட்டு, "அப்பா, நீங்க கொஞ்சம் தூங்குங்க" என்றாள். தூங்கவில்லை. ஒன்றுகூட மிச்சமில்லை மைத்துனரே, ஏழில் ஒன்றுகூட நினைவில் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. கேட்டில் உட்கார்ந்தபடி சலவைக்கூடத்துப் புகைபோக்கியைத் தூரத்திலிருந்து பார்க்கிற ஆளாக ஆகிவிடுவேனோ? நீங்கள் வராவிட்டால் கட்டில் தன் இடத்துக்குப் போகும், கட்டில் போனால் விதியும் போய்ச் சேரும். உங்களைத்தான் மலைபோல் நம்பியிருக்கிறேன்.

அத்தைக்கு வணக்கமும், உங்கள் வீட்டம்மாவுக்கு என் விசாரிப்பும், குழந்தைகளுக்கு ஆளுக்கொரு முத்தமும். நீங்கள் எல்லோரும் நூறு வயசு வரை ஒரு சாமானும் இடம் மாறாத வீட்டில் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
எல்லாம் மறந்துபோன உங்கள் அத்தான்

பின்குறிப்பு: மேலே உள்ளது எதையும் பொருட்படுத்த வேண்டாம். பதினெட்டாம் தேதியே வாருங்கள். உறையில் போடும் நேரத்தில் உங்கள் அக்கா வந்து, "தம்பிக்கா? கீழ கொஞ்சம் இடம் விடுங்க, நானும் நாலு வரி எழுதறேன்" என்று தாளை வாங்கிக்கொண்டாள். பிடுங்கவா முடியும்? முதல் தடவை மூச்சு விடாமல் படித்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டு விதிப் புத்தகத்தைப் பிடிக்கச் சொல்லி, சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு இரண்டாம் தடவை படித்தாள். தாளில் பாருங்கள், ஏழு இடத்தில் சிவப்பு டிக் இருக்கும். "ஏழும் இருக்குங்க. வரிசைகூட மாறல. எதையெல்லாம் மறந்துட்டேன்னு பொலம்பியிருக்கீங்களோ, அதையெல்லாம் புத்தகத்தைப் பாக்காம நீங்களே எழுதியிருக்கீங்க. கட்டில் எங்க இருந்தா என்ன?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். தேர்வு நாள் வரை தினம் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்பது அவள் உத்தரவு. உங்களுக்கு இனி இதே கடிதம் பத்துத் தடவை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அத்தையையும் கண்டிப்பாக அழைத்து வாருங்கள்.

எழுதி முடிப்பதற்குள் அவள் மூன்றாம் தடவை படித்துவிட்டாள். இந்தத் தடவை விதிகளை விட்டுவிட்டு மிச்சத்தைப் படித்திருக்கிறாள். "எங்கம்மா வால்வா?" என்றாள். "நான் தண்ணியில்லாத பாய்லரா?" என்றாள். முகம் சிவந்து வருகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், இந்தத் தடவை நான் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. முதலில் வாயை அணைத்தேன், மூன்றடி தள்ளி நின்றுகொண்டேன், மேலதிகாரி என்ற முறையில் மகளிடம் தகவல் சொல்லிவிட்டேன்.