ஒட்டாத குமிழிகள்

கண்ணாடிக் குவளையில் இருந்த வெள்ளைத் தண்ணீர் பால் மாதிரியே இருந்தது. அதுதான் பிரச்சினை. இந்நேரம் அது திரிந்து, கட்டி கட்டியாக அடியில் இறங்கியிருக்க வேண்டும்.

நந்தினி கலக்கிப் பார்த்தாள். ம்ஹூம்.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் பேராசிரியர் ராபர்ட், அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி. "பழவேற்காடு ஏரித் தண்ணியில ஒட்டுதுன்னு எழுதியிருக்க. நேர்ல வந்து பார்க்கறேன்" என்று போனில் சொன்னவர், மறுநாளே டிரைவரோடு காரைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக் குப்பத்தில் அவள் வீட்டுக்கே வந்து இறங்கிவிட்டார்.

குவளையில் மிதப்பவை கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிகள். எதிர்மின்னூட்டம் உள்ளவை. அவள் ஊற்றும் பாலிமர், நேர்மின்னூட்டம் ஏறிய நீள நீள இழைகள். இரண்டும் பார்த்த மாத்திரத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் மொண்டுவந்த ஏரித் தண்ணீரில் அப்படித்தான் கட்டிக்கொண்டன. அதை நம்பித்தான் ஆய்வேட்டையே எழுதினாள். இப்போதோ சித்திரை வெயில். ஏரி வற்றி, வாயில் வைக்க முடியாத உப்பு. அந்த உப்பு நடுவில் புகுந்து இரண்டையும் சேரவிடாமல் மறித்துக்கொண்டு நின்றது.

"இன்னொரு வாட்டி போடும்மா" என்றார் ராபர்ட்.

பாலிமரைக் கொஞ்சம் கூட்டி ஊற்றினாள். நுரை வந்தது. கட்டி வரவில்லை.

"பரவால்ல, இன்னொரு வாட்டி."

"தோ வரேன் சார்" என்று அடுக்களைக்குள் ஓடினாள். அம்மா செல்வம்மாள் நண்டுக் குழம்புக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, மூஞ்சி இப்படிக் கீது?"

"கேன் தண்ணி எங்கம்மா?"

கடையில் வாங்கிய உப்பில்லாத கேன் தண்ணீரை ஏரித் தண்ணீரோடு தாராளமாகக் கலந்து எடுத்துவந்தாள். பாலிமரை விட்டாள். அடுத்த நிமிடம் வெள்ளை வெள்ளையாகத் திரண்டு, சொகுசாகக் கீழே இறங்கியது. நந்தினிக்கு உயிர் வந்தது.

ராபர்ட் குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அடுக்களைப் பக்கம் திரும்பி மூக்கை லேசாக உறிஞ்சினார். "அழகா இருக்கு. எங்க, இன்னொரு வாட்டி?"

அவசரமாகக் குப்பியைச் சாய்த்தாள். பாலிமர் மடமடவென்று கொட்டிவிட்டது. அளவுக்கு மீறிப் போனதும் குமிழிகள் எல்லாமே நேர்மின்னூட்டம் ஆகி, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகி நின்றன. மறுபடியும் பால்.

திரும்ப அடுக்களைக்கு ஓடினாள். கண்ணில் பட்ட குண்டானிலிருந்து ஒரு சொம்பு மொண்டு, வந்த வேகத்தில் குவளையில் ஊற்றினாள்.

உள்ளேயிருந்து செல்வம்மாளின் குரல் தெருவுக்கே கேட்டது. "அடியே, அது நண்டு அலச வெச்ச உப்புத் தண்ணிடீ! உனுக்குக் கலக்கறதுக்குக் கேன் தண்ணிதானே வோணும்? அத்த வுட்டுட்டு இத்தப் போய் எடுத்துக்கினு போறியே!"

ராபர்ட் நிமிர்ந்து பார்த்தார்.

இதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை. "சார், முன்னாடி கேன் தண்ணி கலந்துதான் காட்டினேன். இந்த ஏரித் தண்ணியில ஒட்டல. மழைக்காலத்துல மட்டும்தான் ஒட்டுது. நான் எழுதினது தப்பு சார்." சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கினாற்போல இருந்தது. பட்டம் போனால் போகட்டும்.

ராபர்ட் கண்ணாடியைக் கழற்றினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"சார், இலை போட்டாச்சு!" என்றாள் செல்வம்மாள்.

திறந்த வாயோடு எழுந்து உள்ளே போய்விட்டார்.

நந்தினி வாசலுக்கு வந்து, கார் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டிரைவர் கண்ணப்பன் பதறிப்போய் இறங்கினார்.

"இன்னாம்மா, இன்னாத்துக்கு அழுவுற?"

"எல்லாம் போச்சுண்ணா. நாலு தடவை செய்யச் சொன்னார். ஒண்ணும் சரியா வரல. என் ஆராய்ச்சியை ஏத்துக்க மாட்டார்."

கண்ணப்பன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அட, 'மழையில ஒட்டும், கோடையில ஒட்டாது, அதான் அந்தப் பொண்ணோட கண்டுபிடிப்பே, பாஸ் பண்ணியாச்சு'ன்னு வர்ற வழியிலயே ஏரித் தண்ணிய நாக்குல வெச்சுப் பாத்துட்டு யாருக்கோ போன்ல சொல்லிட்டாரும்மா, குழம்பு கொதிக்கிற வரைக்கும் சும்மா குந்தினு இருக்கக் கூச்சப்பட்டுக்கினுதான் உன்னை வேலை வாங்கினு இருந்தாரு!"