பந்தைத் தொடாத மாமா

முப்பத்தொரு நாடுகளுக்குப் போய், ஒன்றைக்கூடப் பார்க்காமல் திரும்பியவர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் வண்ணார்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்தார்.

விளையாட்டு ஒளிபரப்பில் வீடியோ எடிட்டர். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிய பத்தாவது விநாடி டிவியில் மறுபடி பார்க்கிறோமே, அதை வெட்டித் தருகிறவர்களில் ஒருவர். மைதானத்துக்கு வெளியே நிற்கும் ஜன்னலில்லாத வண்டிக்குள் வேலை. தெருவில் அவருக்குப் பெயர் ரீப்ளே அண்ணாச்சி.

"லண்டன் எப்படி அண்ணாச்சி?"

"ஏசி கொஞ்சம் கூடுதல்தாம்லே."

"சிட்னி?"

"நல்ல ஊருலே. நாற்காலி நல்லா சுத்தும்."

பத்திரிகை அலுவலகத்தில் அடுத்தவர் எழுதியதை வெட்டுவதுதான் என் பிழைப்பும். ஆனாலும் அவருடைய வெட்டு என்னைப் பதற வைத்தது. என் அம்மா ஆஸ்பத்திரி போய்வந்த கதையை பஸ் ஏறியதிலிருந்து ஆரம்பித்தபோது, "அக்கா, ஸ்கோர் என்ன?" என்று கேட்டார். சர்க்கரை அளவைக் கேட்கிறார் என்று புரிய அம்மாவுக்குச் சற்று நேரமாயிற்று.

இப்படிப்பட்டவரிடம் பெரிய தங்கையின் கல்யாண வீடியோவைக் கொடுத்தது என் தவறு. ஸ்டூடியோக்காரர் மூன்று கேமராக்களில் எடுத்திருந்த நாலு மணி நேரத்தை, "கொண்டாலே, நான் வெட்டித் தாரேன்" என்று வாங்கிப்போனார்.

பதினோரு நிமிடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது. தாலி கட்டுவது மட்டும் மூன்று கோணங்களில், மெதுவாக. பந்தி இல்லை. மொய் எழுதியவர்கள் இல்லை. முக்கூடலிலிருந்து வந்த தாய்மாமன், அம்மாவின் ஒரே தம்பி, பெண்ணுக்கு மாலை போட்டுக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்துவந்தது இல்லவே இல்லை. அந்த மாமா குடும்பத்தோடு எங்கள் கூடத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான் கொடுமை.

"என்னைய எங்கவே?" என்றார் மாமா.

ரீப்ளே அண்ணாச்சி உண்மையாகவே யோசித்தார். "நீங்க பந்தையே தொடலையே, அண்ணாச்சி."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"தாய்மாமன் ஆட்டத்துலயே இல்லையா? அப்ப சின்னவ கல்யாணத்துக்கும் நான் தேவையில்ல. இனி இந்த வாசல மிதிச்சேன்னா என்னைய ஏன்னு கேளு!"

சின்னவளுக்கு இருபது நாளில் முகூர்த்தம். மாமன் மாலை விழாமல் எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணும் மணவறை ஏறியதில்லை. மறுநாள் அம்மா முக்கூடலுக்குப் போனாள். மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். எதிர்வீட்டுக் கதவும் மூன்று நாள் திறக்கவில்லை.

நாலாம் நாள் காலை ரீப்ளே அண்ணாச்சி என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு முக்கூடல் போனார். கதவைத் தட்டினார். திறந்ததும் உள்ளே நுழைந்து, மாமா வீட்டு நெல்மூட்டை மேல் மடிக்கணினியை வைத்தார்.

"திட்டுங்க அண்ணாச்சி. ஆனா பாத்துட்டுத் திட்டுங்க."

நானும் எட்டிப்பார்த்தேன். முழுக்க மாமா. மாமா காரிலிருந்து இறங்குகிறார். மறுபக்கக் கேமராவில் இன்னொரு முறை இறங்குகிறார். மாமா மாலையை எடுக்கிறார்; பின்னால் ஒரு லட்சம் பேர் கத்தும் மைதான இரைச்சல். மாலை தங்கை கழுத்தில் விழுகிறது, மெதுவாக, மிக மெதுவாக. இரைச்சல் சட்டென்று நிற்கிறது. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் கண்ணைத் துடைக்கிறார். மண்டபத்தில் இருந்த ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. நானும்தான்.

நாற்பது நிமிடம். முடிந்ததும் மாமா தொண்டையைச் செருமினார்.

"இன்னொரு தடவ போடும்வே."

மூன்றாவது தடவை ஓடும்போது மாமி காப்பி கொண்டுவந்தாள். சின்னவள் கல்யாணத்துக்கு மாமா முதல் நாளே வந்துவிட்டார். வந்ததும் வராததுமாக ஸ்டூடியோக்காரரிடம் போய், எந்தப் பக்கம் நின்று மாலை போட வேண்டும் என்று விசாரித்தார்.

போன மாதம் ரீப்ளே அண்ணாச்சி நெஞ்சுவலியில் போய்விட்டார். காலையில் பால் வாங்க வந்தவர், பத்து மணிக்கு இல்லை. பேப்பரில் அஞ்சலி விளம்பரத்துக்குப் படம் கேட்டேன். அவர் மனைவி ஒரு பையைத் தரையில் கவிழ்த்தார். முப்பத்தொரு நாட்டு மைதானங்களின் அடையாள அட்டைகள். எல்லாவற்றிலும் ஒரே பாஸ்போர்ட் போட்டோ.

"வேற இல்ல தம்பி. படம் எடுக்க வந்தா ஓடிருவாக."

வீட்டுக்கு வந்து, அவர் திருப்பித் தந்திருந்த, பெரிய தங்கை கல்யாணத்தின் வெட்டாத நாலு மணி நேரத்தையும் ஓட்டிப்பார்த்தேன். மூன்றாவது மணியில் கிடைத்தார். கையில் பாயசத் தம்ளர். கேமரா தன் பக்கம் திரும்புவதைப் பார்த்ததும், படத்தில் விழாமலிருக்க இடுப்பளவு குனிந்து ஓடுகிறார். தொழில் பழக்கம். பாயசம் ஒரு சொட்டு சிந்தவில்லை. மொத்தம் ஒன்றரை விநாடி. அன்றைக்கு அவர் முதலில் வெட்டி எறிந்தது இதைத்தான் இருக்கும்.

அவர் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அவுகளேதான்," என்றார். அப்புறம், "இன்னொரு தடவ போடுங்க தம்பி."

போட்டேன். அந்த அம்மா எழுந்து வீட்டுக்குப் போன பிறகும் போட்டுக்கொண்டே இருந்தேன்.