போர்டு இல்லாக் கடைகளின் காவல்காரர்

மனிதர்களில் 'கடை அறிந்தவர்' என்றொரு இனம் உண்டு. கடை வைத்திருப்பவர் அல்ல, சமைக்கத் தெரிந்தவரும் அல்ல. அறிந்தவர், அவ்வளவுதான். நீங்கள் நல்ல பசியோடு கல்முனைச் சந்தியில் நிற்கிறீர்கள். எதிரே கண்ணாடிக் கதவும் குளிர்காற்றும் வாசலில் சுழலும் கோழியுமாக ஒரு பெரிய சாப்பாட்டுக் கடை. அதை நோக்கி ஓரடி எடுத்து வைத்தீர்களோ இல்லையோ, பின்னாலிருந்து ஒரு கை தோளில் விழும். "அங்கயா போறீங்க?" என்று ஒரு குரல் கேட்கும். ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வருபவர்கள்கூட அத்தனை இரக்கத்தோடு பேச மாட்டார்கள். அவ்வளவுதான், இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு உங்களுக்குச் சாப்பாடு இல்லை.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் கரையோரத்தில், சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை வரைக்கும், தெருவுக்கு ஒருவர் என்று கணக்கு. அவர்களுக்குள் தலைசிறந்தவர் நளீம்.

நளீமுக்கு வயது நாற்பத்தெட்டு. கல்முனையில் ஓர் அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளர். வேலையில் அவரைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ யாரும் எதுவும் சொன்னதில்லை. ஆனால் மதியம் பன்னிரண்டு மணியானால் கணக்காளரிலிருந்து சாரதி வரைக்கும் அவருடைய மேசையைச் சுற்றி நிற்பார்கள். ஏனென்றால் பாண்டிருப்பில் கோயிலுக்குப் பின்னால் ஒரு வீட்டு விறாந்தையில் காலை ஆறிலிருந்து ஏழேகால் வரைக்கும் மட்டும் தோசை சுடுகிறார்கள் என்பதும், ஒலுவில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் போட் வந்த பிறகே அடுப்பு மூட்டுகிற ஒரு தகரக் கொட்டில் இருக்கிறது என்பதும், சவளக்கடையில் வயல் வரம்பில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போனால் எப்படிப்பட்ட எருமைத் தயிர் கிடைக்கும் என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

ஒரு கடை நல்ல கடையா இல்லையா என்று நளீம் நாக்கை வைத்து முடிவு செய்வதில்லை. போர்டை வைத்து முடிவு செய்கிறார். போர்டு இருந்தால் அது கடையே இல்லை. போர்டில் தொலைபேசி இலக்கமும் இருந்தால் அந்தத் தெருவால் போகவே மாட்டார். முன்பு போர்டு இருந்து, காற்றில் விழுந்து, ஆணி மட்டும் மிச்சம் இருக்கிறது என்றால் கொஞ்சம் யோசிப்பார். உட்காரும் வாங்கு ஆட வேண்டும். தண்ணீர்க் கோப்பைகள் இரண்டு ஒன்றுபோல் இருக்கக் கூடாது. சமைப்பவர் சிரிக்கவே கூடாது.

வழி கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அலுவலகத்துக்குப் புதிதாக வந்த, நளீமை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் றிஸ்கான் கேட்டுப் பார்த்தான்.

"நேரப் போங்க. ஒரு வேம்பு வரும். வேம்புல திரும்பப்படா. அதத் தாண்டினா முந்தி ஒரு பள்ளிக்கூட மதில் இரிந்த எடம். இப்ப மதில் இல்ல. அந்த மதிலுக்கு இடப்பக்கம்."

"இல்லாத மதில எப்படிக் காக்கா கண்டுபுடிக்கிற?"

"அதுக்குத்தானே நான் கூட வாற."

கூட வருவார். மோட்டார் சைக்கிளை இரண்டு குறுகிய ஒழுங்கைகளுக்கு அப்பால் நிறுத்தச் சொல்வார். ஹெல்மெட்டைக் கடை வாசல் வரைக்கும் கழற்ற மாட்டார். சாப்பாடு வந்தால் தான் சாப்பிடாமல் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். முதல் கவளம் வாய்க்குள் போனதும், "எப்படி?" என்பார். தலையாட்டினால் போதாது. "நல்லம்" என்றால் மனம் நொந்துபோவார். கண்ணை மூட வேண்டும். கொஞ்ச நேரம் மூடியபடியே இருக்க வேண்டும். அப்போதுதான் அவருக்குப் பசிக்கத் தொடங்கும்.

இதெல்லாம் நீங்கள் அறிந்த சங்கதிதான். நளீம் தன் இனத்தாரை மிஞ்சிய இடம் வேறு. அதுதான் சத்தியம் வாங்குகிற வேலை.

மருதமுனையில் நெசவுக் கொட்டில்களுக்குப் பின்னால் ஸுஹைறா ராத்தாவின், அதாவது ஸுஹைறா அக்காவின், வீடு இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்த பிறகு அங்கே சாப்பாடு. ஆனால் ஸஹன் மட்டும்தான். கல்யாண வீடுகளில் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒன்றாகக் கை போட்டுச் சாப்பிடுகிறோமே, அந்தப் பெரிய தட்டம். தனித்தட்டுக் கிடையாது, பார்சலும் கிடையாது. "ஒத்தையில திங்கிறதுக்கு நான் சோறு ஆக்கிறல்ல தம்பி," என்று முதல் நாளே ராத்தா திரைக்குப் பின்னாலிருந்து சொல்லிவிட்டார். அவருடைய கணவர் கலந்தர் காக்கா கைகழுவத் தண்ணீர் ஊற்றுவார், ஸஹனைத் தூக்கி வந்து பாயில் வைப்பார், ஒரு வார்த்தை பேச மாட்டார். சிரிக்கவும் மாட்டார். நளீம் உள்ளுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டார்.

நெய்ச்சோற்றின் நடுவில் இறைச்சிக் கறி, ஓரத்தில் கத்தரிக்காய்ப் பொரியல், பருப்பு, அன்னாசி போட்ட அச்சாறு, கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம். சாப்பிட்டவர்களைக் கண்ணை மூடச் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

இப்போது அவருடைய நெருக்கடியைப் பாருங்கள். கடை ரகசியமாக இருக்க வேண்டும். ஆனால் சாப்பிட ஆறு பேர் வேண்டும். ஐந்து பேருக்குச் சொல்லாமல் நளீமால் ஒரு பிடி சோறுகூட வாயில் வைக்க முடியாது. வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் தோற்றுப் போயிருப்பார்கள். நளீம் வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு வெள்ளியும் ஐந்து புதிய ஆட்கள். ஒருவர் அலுவலகம், ஒருவர் அக்கரைப்பற்று, ஒருவர் மனைவி வழிச் சொந்தம் என்று ஒருவரையொருவர் அறியாத கலவை. வட்டிலப்பம் முடிந்ததும் எல்லோரும் சத்தியம் செய்ய வேண்டும். "இந்த எடத்த ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நளீம் இல்லாம நானும் வரமாட்டன். வல்லாஹி." எப்படிச் சொல்வது என்று காட்டுவதற்காக முதல் தடவை தானே சொல்லியும் காட்டினார்.

வல்லாஹி என்றால் அல்லாஹ்வின் மீது ஆணை. எட்டு வாரத்தில் நாற்பது பேர் ஆணையிட்டார்கள். கல்முனைப் பக்கத்தில் இதற்கு முன்பு எந்த ரகசியமும் மாலை அஸர் தொழுகைக்கும் பொழுது சாயும் மஃரிப் தொழுகைக்கும் இடைப்பட்ட நேரத்தைத் தாண்டியதில்லை. இது மட்டும் தாண்டியது. நாற்பது பேரும் வாயைத் திறக்கவில்லை. நளீமுக்குப் பெருமை தாங்கவில்லை.

எட்டாவது வெள்ளிக்கிழமை. சாப்பிட்டு முடித்து, ஐந்து பேரும் ஆணையிட்டு வெளியே போன பிறகு, நளீம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னாலிருந்து ராத்தா கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு விஷயம் கேக்கணும். மனசுல வெச்சிக்காம சொல்லுங்க. என்ட கறியில என்ன கொற?"

"கொறையா? என்ன ராத்தா கதைக்கிறீங்க?"

"இல்ல, சொல்லுங்க. எவ்வளவு ஆக்கள் வந்து திண்டுட்டுப் போயிரிக்காங்க. ஒருத்தராச்சும் திரும்பி வரல்ல. ஒருத்தரும் இன்னொருத்தருக்குச் சொல்லயுமில்ல. நம்மட ஆக்கள் நல்லதத் திண்டா சொல்லாம இரிப்பாங்களா? அப்ப நல்லா இல்லாதபடியாத்தானே. நீங்க பாவம் பாத்து ஒவ்வொரு கெழமையும் ஆக்களக் கூட்டிட்டு வாறீங்க. எனக்கு வெளங்காமலில்ல."

நளீம் ஒரு செருப்போடு நின்றார்.

"மூணு தரம் மசாலாவ மாத்திப் பாத்தன். நாலு ஸஹனுக்கு ஆக்கினா ஒண்டுதான் போகுது. மத்தது பக்கத்து ஊடுகளுக்குப் போயிரும். சும்மா வாறத்தத் திண்டவங்க பொறகு காசி குடுத்து வருவாங்களா? வாற வெள்ளியோட நிப்பாட்டுவம் எண்டு இரிக்கன். என்ட கையில ருசி போய்ட்டுது தம்பி. அத ஒத்துக்கிறதுதானே நல்லம்."

குரல் உடையவில்லை. பெரிய சட்டியைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிடப் போவதாகவும் சாதாரணமாகச் சொன்னார். அதுதான் நளீமைக் கொன்றது. மசாலா மாறிய அந்த மூன்று வெள்ளியும் அவருக்கு நினைவிருந்தது. ஒவ்வொரு தடவையும் "இண்டைக்கி வேற லெவல்" என்று தான் கண்டுபிடித்ததுபோல் ஆட்களுக்கு விளக்கம் கொடுத்திருந்தார். கரையோரத்திலேயே சிறந்த கையொன்று, தனக்குச் சமைக்கத் தெரியாது என்று நம்பிக்கொண்டு திரைக்குப் பின்னால் நிற்கிறது. அப்படி நம்ப வைத்தவர் நளீம். வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

ஊருக்கெல்லாம் சொல்லிவிடலாம். ஆனால் வல்லாஹி போட்டாயிற்றே. அதுவும் முதல் ஆளாக, எல்லோருக்கும் ஓதிக் காட்டி.

அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் ஜவாத் மௌலவியைப் பிடித்தார்.

"மௌலவி, ஒரு ஆள் ஒரு எடத்தப் பத்தி ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு வல்லாஹி போட்டுட்டார். இப்ப சொல்லியாகணும். என்ன செய்ற?"

மௌலவி முகத்தைச் சுருக்கினார். "என்ன எடம்? கள்ளச் சாமான் கிடக்கிற எடமா?"

"இல்ல மௌலவி. சாப்பாட்டுக் கட."

மௌலவி தாடியைத் தடவினார். இருபத்திரண்டு வருடமாக அவரிடம் தலாக் வந்திருக்கிறது, காணிச் சண்டை வந்திருக்கிறது, வாய்க்காலில் தண்ணீர் மறித்த வழக்கு வந்திருக்கிறது. இது வந்ததில்லை.

"அந்தச் சத்தியத்தால ஆருக்காச்சும் கெடுதி வருதா?"

"ஓம். ஆக்கிற மனிசிக்கி."

"அப்ப முறிக்கத்தான் வேணும். முறிச்சிப்போட்டு கஃப்பாரா குடுக்கணும். பரிகாரம். பத்து ஏழைக்கு நல்ல சாப்பாடு."

"பத்துப் பேருக்கா?"

"ஓம். நம்மட ஊட்டுல திங்கிற மாதிரி நல்ல சாப்பாடு." மௌலவி எழுந்து, சட்டென்று நினைவு வந்தவராகத் திரும்பினார். "அதுக்கு நல்ல எடம் ஒண்டு ஒங்களுக்குத்தானே தெரிஞ்சிரிக்கும். எங்க குடுக்கலாம்?"

நளீம் பள்ளித் தூணைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு கடைக்கு ஒழுங்காக வழி சொன்னார். தெருப் பெயரோடு, வீட்டு இலக்கத்தோடு, உண்மையில் இருக்கிற அடையாளங்களை மட்டும் வைத்துச் சொன்னார். சொல்லி முடிக்கும்போது அவருக்கு வேர்த்திருந்தது.

அன்றிரவே நாற்பது பேருக்கும் செய்தி அனுப்பினார். "நான் முறிச்சிட்டன். நீங்களும் முறிக்கலாம். மௌலவியக் கேளுங்க." அடுத்த நாள் பள்ளிவாசலில் ஒரு வரிசை நின்றது. வாரக்கணக்காக அந்த வட்டிலப்பத்தை நினைத்து ஏங்கிக் கிடந்தவர்கள், ஒருவரையொருவர் பார்த்து, "நீயுமா?" என்று கேட்டுக்கொண்டார்கள். பத்துச் சாப்பாட்டுக்குப் பதில் மூன்று நோன்பு பிடித்துத் தப்பலாமா என்று றிஸ்கான் கேட்டான். அது கையில் காசு இல்லாதவனுக்கு, உனக்குப் போன மாதம்தான் சம்பளம் கூடியது என்றார் மௌலவி.

நாற்பது பேர், தலைக்குப் பத்து ஏழைகள். ஆணையை முறிப்பதற்கு ஸுஹைறா ராத்தாவின் ஸஹனைவிட நல்ல இடம் ஒருவருக்கும் தோன்றவில்லை. கலந்தர் காக்கா பக்கத்து வீட்டு முற்றத்திலும் பாய் விரித்தார். கொந்தளிப்புக் காலத்தில் கடலுக்குப் போக முடியாத குடும்பங்கள், தறி நின்றுபோன வீட்டார், தனியாக இருக்கும் முதியவர்கள் என்று வெள்ளிக்கு வெள்ளி வந்து வயிறார உண்டார்கள். இவர்கள் யாரும் சத்தியம் செய்தவர்கள் அல்லவே. வீட்டுக்குப் போகும் வழியிலேயே சொல்லத் தொடங்கினார்கள். இரண்டே வாரத்தில் அக்கரைப்பற்றிலிருந்து ஆட்கள் வான் பிடித்து வந்தார்கள்.

இப்போது அங்கே போர்டு இருக்கிறது. அதில் தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. போன வெள்ளி நளீம் தன் ஐந்து பேரோடு போய், பிளாஸ்டிக் கதிரையில் முக்கால் மணி நேரம் காத்திருந்து, ஒன்பதாவது ஸஹனில் உட்கார்ந்தார். சாப்பிட்டு எழும்பும்போது திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, இப்ப எப்படி இரிக்கி கறி?"

கூட்டம் வந்துவிட்ட கடையைப் பற்றி இந்த இனத்தார் சொல்வதற்கென்றே ஒரு வசனம் வைத்திருக்கிறார்கள். முந்தி மாதிரி இல்ல. அது நளீமின் தொண்டை வரைக்கும் வந்தது. நாக்கின் நுனிக்கே வந்துவிட்டது. அவர் அதை விழுங்கினார். அவர் வாழ்க்கையில் விழுங்கியவற்றுள் மிகக் கடினமானது அதுதான்.

"அதே ருசிதான் ராத்தா. ஒண்டும் மாறல்ல," என்றார். உண்மையும் அதுதான்.

கலந்தர் காக்கா முதல் தடவையாகச் சிரித்தார். நளீமுக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. திரும்பி வரும் வழியில் ஓர் ஒழுங்கைக்குள்ளிருந்து வெங்காயம் வதங்கும் வாசம் வரவும், அவருடைய மோட்டார் சைக்கிள் தானாகவே வேகம் குறைந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நளீம் அப்படித்தான், நீங்கள் அப்படியில்லை. ஆனால் இதை வாசித்துக்கொண்டு வரும்போதே உங்கள் வாயில் ஏதோவொரு கடையின் ருசி வந்து போனதா, இல்லையா? நாலைந்து மேசை, ஒரு மின்விசிறி, உங்களைத் தவிர உங்கள் கூட்டாளிகளில் ஒருவருக்கும் தெரியாத இடம்? அது எந்தத் தெரு? சும்மாதான் கேட்பது. யாரிடம் போய்ச் சொல்லப் போகிறேன்?

பாருங்கள், வாயைத் திறக்க மாட்டேன் என்கிறீர்கள். அங்கேயும் அடுப்படியில் ஒருவர், வெறும் வாங்குகளைப் பார்த்துக்கொண்டு, தன் கறியில் என்ன குறை என்று யோசித்துக்கொண்டிருப்பார்.